மார்கழிக் குளிரும் அடுப்புச் சிக்கனமும்

குளிர் தேசத்தார்க்குப் பனிக்காலம் வந்துவிட்டால் வீட்டைச் சூடாக்குவதே பெருஞ்செலவாகிவிடுகிறது. நமது புதூர், விளாத்திகுளம், கோவில்பட்டி பக்கத்துக் கரிசற்காட்டில் அத்தொல்லை இல்லை. மார்கழி விடியலில் பனி கொட்டினாலும், பொழுது ஏறியதும் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். ஆயினும் குளிர்காலத்தில் நம் வீட்டு எரிபொருட் செலவு ஏறுகிறது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். குளிப்பதற்கு வெந்நீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விறகோ எரியாமல் புகைந்துகொண்டே தீர்ந்து போகிறது. இச்செலவைக் குறைக்கும் வழிகளை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

சூடு எங்கே போகிறது?

நெசவாளர் நெய்யும் போர்வை தானாகச் சூடு தருவதில்லை. நம் உடலின் சூடு வெளியேறாதபடி தடுப்பதே அதன் வேலை. குளிர் தேசத்தார் சுவரின் இடுக்குகளை அடைப்பதும், கூரைக்கு அடியில் பஞ்சு போன்ற பொருளைப் பரப்புவதும் இந்த நியாயத்தை ஒட்டியே. எரிப்பதைக் கூட்டுவதினும், எரித்ததைக் காப்பதே சிக்கனம். நம் அடுப்புக்கும் இதுவே விதி.

மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில் எரியும் விறகின் சூட்டில், நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே பாத்திரத்தைச் சேருகிறது. எஞ்சியது காற்றோடும் புகையோடும் போய்விடுகிறது. இதனைக் கணக்காகப் பார்ப்போம். ஒருவர் குளிக்க 15 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த 225 கிலோ கலோரி போதும். பத்திலொரு பங்கே பயன் தரும் அடுப்பில் இதற்கு 2,250 கிலோ கலோரி எரிக்க வேண்டும். நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி உண்டு. ஆகவே ஒருவர் குளிக்க அரைக் கிலோவுக்கு மேல் விறகு செலவாகும். நால்வர் உள்ள குடும்பத்திற்கு மார்கழி, தை இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 135 கிலோ விறகு வெந்நீருக்கு மட்டுமே போய்விடும்.

“சீமைக்கருவேல் வெட்ட வெட்டத் தழைக்கிறதே, விறகுக்கு ஏன் சிக்கனம்?” என்று சிலர் கேட்கலாம். முள் குத்த வெட்டிச் சுமந்து வருவோரின் உழைப்பை நாம் கணக்கில் எழுதுவதில்லை. அதனாலேயே அது இனாமாகத் தோன்றுகிறது. கரிமூட்டத்திற்கு விலைபோகும் விறகை வீணாக எரிப்பதும் நஷ்டமே.

விறகைக் காயவைத்தல்

அப்பொழுது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர்தான். அந்த நீரை ஆவியாக்கி வெளியேற்றக் கிலோ ஒன்றுக்கு 600 கிலோ கலோரிக்கு மேல் செலவாகிறது. ஆதலால் ஈர விறகு எரிப்பவர் தம் விறகின் ஒரு பங்கைக் கொண்டு மறு பங்கை உலர்த்துகிறார் என்றே சொல்ல வேண்டும். கோடையிலேயே வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் கல்லின் மேல் அடுக்கி, மழைக்கு முன் மேலே மூடிவிடுதல் நலம்.

பருத்திமார் அடுக்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மாரில் ஒட்டியுள்ள உலர்ந்த காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கியிருந்து அடுத்த பருவத்துப் பயிரைத் தாக்கும். காய்களை உதிர்த்து எரித்துவிட்டு, அதன் பின்னரே மாரை அடுக்க வேண்டும். அடுத்த பருத்தி காய்க்கும் முன் பழைய மாரைத் தீர்த்துவிடுவது உத்தமம்.

அடுப்படியில் செய்யத்தக்கவை

நம் முன்னோர் கொடியடுப்பு வைத்ததில் நல்ல அறிவு இருக்கிறது. முதல் அடுப்பில் பயன்பட்டு மிஞ்சும் சூடு பக்கத்துக் கண்ணில் உள்ள நீரைச் சூடாக்குகிறது. சோறு பொங்கும் போதே வெந்நீரும் ஆகிவிடும். மாலையில் காட்டுவேலை முடிந்து குளிப்போர்க்கு வெயிலே போதும். கறுப்புப் பூசிய தகரப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, மூடி, முற்றத்து வெயிலில் வைத்தால் பிற்பகலில் வெதுவெதுப்பாகிவிடும்.

மற்றொன்று, நீர் கொதித்த பின் தீயைக் கூட்டுவதால் சோறோ பருப்போ விரைவில் வேகாது. கொதிநீர் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 100 பாகைக்கு மேல் சூடேறாது. கூடுதல் தீ நீரை ஆவியாக்கவே பயன்படும். 27 பாகையில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 73 கிலோ கலோரி போதும். அதை முழுதும் ஆவியாக்கவோ 540 கிலோ கலோரி வேண்டும். ஆகவே கொதி வந்ததும் மூடி போட்டுத் தீயைத் தணிக்க வேண்டும். பயறுகளை முன்னரே ஊறவைக்க வேண்டும். எரிவாயு அடுப்பு உள்ள வீட்டார்க்கும் இது பொருந்தும். 14.2 கிலோ உருளை எத்தனை நாள் வரும் என்பதை மூடியும் தீயின் அளவும் பெரிதும் தீர்மானிக்கின்றன.

நெசவாளர் வீட்டு நூற்கழிவும், விவசாயி வீட்டுக் கொட்டுப் பருத்தியும் இங்கே உதவும். ஒரு கூடையில் அவற்றை நான்கு விரற்கடை கனத்துக்குத் திணித்து, நடுவே பாத்திரம் அமரக் குழி விட்டு, மேலே ஒரு தலையணையும் செய்து கொள்க. அரிசியைச் சில நிமிடம் நன்கு கொதிக்க வைத்து, மூடியுடன் தீயிலிருந்து இறக்கி அக்கூடையில் வைத்து மூடினால், மேலும் தீயின்றியே வெந்துவிடும். இரண்டு உலகப் போர்களிலும் எரிபொருள் தட்டுப்பட்ட ஐரோப்பிய நாடுகளில் வைக்கோல் பெட்டி வைத்து இவ்வாறு சமைத்தனர். ஆனால் உணவை இரவு முழுதும் கூடையிலேயே விட்டுவைத்தல் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். குளிருக்கென்று கரி நெருப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்குதல் ஆகாது. நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு அதிலிருந்து எழும். மலையூர்களில் இவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. கரி சுடும் நம் வட்டாரத்தார் இதனை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

புகையும் ஒரு செலவே

அடுப்பூதும் பெண்களின் கண்ணும் நுரையீரலும் கொடுக்கும் விலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

புகையில்லா அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1947இல் வார்தாவில் ‘மகன்’ அடுப்பு உருவாயிற்று. 1953இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியலறிஞர் எஸ். பி. ராஜு புகைபோக்கி அடுப்பைப் பற்றி நூல் வெளியிட்டார். 1980களில் மத்திய அரசு நாடெங்கும் புகையில்லா அடுப்புகளைக் கட்டத் திட்டம் தொடங்கி, 2002இல் அதனை நிறுத்திற்று. கட்டிய அடுப்புகளில் பல நாளடைவில் கைவிடப்பட்டன. குழாயில் படிந்த கரியைத் தட்டுவதற்கும், விரிசலைப் பூசுவதற்கும் ஊரில் ஆள் இல்லாத இடத்தில் நல்ல அடுப்பும் நிலைக்காது. சமைப்பவரைக் கேளாமல் கட்டிய அடுப்பும் அப்படியே. தனி வீட்டால் இயலாத இந்தப் பராமரிப்பைச் சங்கம் ஏற்கலாம். ஊருக்கு ஒரு கொத்தரைப் பழக்குவது பெருஞ்செலவன்று.

சாயம் தோய்க்கும் இடத்திலும் இதே நியாயம் செல்லும். சாயத்தொட்டிக்கு மூடி இடுதல், வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடியுமாறு ஒரே நாளில் தோய்த்தல் ஆகியவற்றால் நீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் விரயம் குறையும்.

மிச்சம் எங்கே சேர வேண்டும்?

1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் ஜே. சி. குமரப்பா. தம் இறுதி ஆண்டுகளை நமக்கு அண்மையிலுள்ள கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் கழித்தவர். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரும் பொருளாதாரமே நிலைக்கும் என்பது அவரது போதனை. சாணத்தை வறட்டியாக எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும், சாம்பலே மிஞ்சும். அடுப்பில் மிச்சமாகும் சாணமும் பருத்திமாரும் எருக்குழியில் மக்கி நிலத்தைச் சேருமாயின், மானாவாரிக் கரிசல் மண் மழைநீரைச் சற்று அதிகமாகப் பிடித்து வைக்கும். இதுவே இச்சிக்கனத்தின் முழுப்பயன்.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு வாரம் பழைய முறையிலும், மறுவாரம் மேற்சொன்ன முறையிலும் எரித்து, இரு வாரத்து விறகையும் நிறுத்து எழுதிப் பார்ப்பாராக. நாம் சொல்வதினும் தராசு சொல்வதே மேல்.

படிப்பு வட்டத்தில் ஆராய்க

1. நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விறகு எரிகிறது? அதைச் சேர்க்க யார், எத்தனை நாழிகை செலவிடுகிறார்?
2. கொதித்த பின் தீயைக் கூட்டுவதால் உண்டாகும் நஷ்டம் யாது?
3. புகைபோக்கியைப் பராமரிக்க நம் சங்கம் என்ன ஏற்பாடு செய்யலாம்? இவ்வினாவுக்கு வீட்டுப் பெண்களையும் அழைத்து விடை காண்க.