கொல்லை மாங்காயும் நோயாளியின் பங்கும்

சித்திரை, வைகாசித் திங்களில் கிராமத்து வீடுகள் பலவற்றில் ஊறுகாய்ச் சாடிகள் நிரம்பும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றிற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியோர் அவ்வேளையில் ஒதுங்கி நிற்க நேரிடுகிறது. மாங்காயைப் பதப்படுத்தும் முறையை அறிந்துகொண்டால், அவர்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம்.

உப்பின் பணி

நுண்ணுயிர்கள் வளர நீர் தேவை. உப்பு, காயிலுள்ள நீரை அவற்றிற்குப் பயன்படாதவாறு செய்கிறது. ஊறுகாய் ஆண்டு முழுவதும் கெடாதிருக்க இதுவே முதன்மைக் காரணம். ஓர் ஊறுகாயில் உப்பு 15 விழுக்காடு இருப்பின், அதில் 20 கிராம் உண்பவர் 3 கிராம் உப்பை உட்கொள்கிறார். உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவோ, நாள் முழுவதற்கும் 5 கிராமிற்கும் குறைவு.

உப்பைக் குறைத்து ஊறுகாய் போடுதல் தீர்வன்று. அது விரைவில் பூசணம் பிடிக்கும். இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு, சிறுநீரக நோயாளிகளுக்கு ஆபத்தாகலாம்.

உப்பில்லா வற்றல்

நீரை வெயிலாலும் அகற்றலாம். புளிப்பு மிக்க முற்றிய மாங்காயைக் கழுவித் துடைத்து, தோல் சீவி, மெல்லிய துண்டுகளாக நறுக்குக. உப்பிடாமல் தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடிக் கடும் வெயிலில் உலர்த்துக. மாலையில் பனி படுமுன் வீட்டிற்குள் எடுத்து வைக்க வேண்டும். வளைத்தால் ஒடியும் பதமே சரியான பதம். பின்னர்ப் பொடித்து, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைக்கவும்.

இப்பொடியைப் பருப்பிலும் குழம்பிலும் இறக்கும் தறுவாயில் சேர்த்தால், புளிப்பு மேலோங்கி உப்பின் குறை தெரியாது. நறுக்குதல், பரப்புதல் போன்ற இலகுவான வேலைகளை, மருத்துவர் இசைவு தந்தபின், நோயாளியும் நிழலில் அமர்ந்து செய்யலாம்.

கவனத்திற்குரியவை

• உலர்ந்த பழங்களில் பொட்டாசியம் செறிந்திருக்கும். சிறுநீரக நோயாளிகள் உணவியல் வல்லுநரைக் கேளாமல் வற்றலைப் பயன்படுத்தலாகாது.
• சர்க்கரையிலோ வெல்லத்திலோ பாகு காய்ச்சிச் செய்யும் மாங்காய்ப் பச்சடியும் பழப்பாகும் நீரிழிவு உள்ளவர்களின் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். வெல்லம் இதற்கு விலக்கன்று.
• பூசணம் பிடித்த ஊறுகாயின் மேற்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதை உண்ணாதீர். புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்றுச் சிகிச்சையோ பெற்றவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.
• அலுமினியப் பாத்திரத்தில் ஊறுகாயை வைக்கலாகாது. பீங்கான் சாடியும் ஈரமற்ற கரண்டியும் ஏற்றவை.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, தங்கள் வீட்டில் இவ்வாண்டு பதப்படுத்தியவற்றின் பட்டியலை எடுத்து வாருங்கள். எதனை, எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் பிரிவினர் தங்கள் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துக் கூறுவர்.