கணக்குக் கேட்கும் உரிமை



கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி, "என்னை நம்புங்கள், பேரேட்டைப் பார்க்க வேண்டாம்" என்றால் நாம் சும்மா இருப்போமா? அன்றே பேரேட்டைக் கேட்போம். ஆனால் நாட்டை ஆளுபவர் அதையே சொன்னால் கூட்டம் கைதட்டுகிறது. "மக்களின் குரல் நானே, என்னைக் கேள்வி கேட்பவன் மக்களின் விரோதி" என்பதே சர்வாதிகாரத்தின் முதற் பேச்சு.

நம் முன்னோரின் தாயகமான இந்தியா இதை அனுபவித்தது. "இந்திராவே இந்தியா" என்று காங்கிரஸ் தலைவர் பரூவா முழங்கினார். பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாதென்று 1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. எதிர்க்கட்சியினர் சிறைப்பட்டனர், பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. ஏழைகளுக்கென 20 அம்சத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஆனால் கேட்பாரில்லாத அதிகாரம் ஏழையின் வாசலுக்கே வந்தது. 1976 ஏப்ரலில் டில்லி துர்க்மான் கேட்டில் முஸ்லிம்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. தடுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது.

எதிர்த்தவர்களும் இருந்தனர். தமிழகத்தில் தி.மு.க. அரசு நெருக்கடி நிலையைக் கண்டித்தது. 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது. விசாரணையின்றி அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியாதென்று உச்சநீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் கூறியபோது, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அதனால் தலைமை நீதிபதிப் பதவியை இழந்தார். 1977 மார்ச் தேர்தலில் வடநாட்டு மக்கள் தீர்ப்பளித்தனர். ரேபரேலியில் பிரதமரே தோற்றார். உயிர்வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாதென 1978-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. கன்னா தனியே சொன்னது சட்டமாயிற்று!

நமக்குள்ள படிப்பினைகள்:

1. லைசென்சுக்கு அஞ்சி, கேட்பதற்கு முன்பே பணிந்துவிடக் கூடாது. பயந்தவனின் மௌனமே கொடுங்கோலனின் முதலீடு.

2. பிற சமூகத்தார் மீது பழி சுமத்தும் வதந்தி நம் கல்லாவைத் தாண்டிப் போகலாகாது. இன்று அவர்கள், நாளை நாம்.

3. வாக்கை வீணாக்கக் கூடாது. நம் புக்கிட் செலம்பாவ் சட்டமன்றத் தொகுதியில் 2009 ஏப்ரல் 7 இடைத்தேர்தலில் 15 பேர் போட்டியிட்டனர். 1957 முதல் நீடித்த ஆட்சியை 2018 மே 9-ல் மலேசிய மக்கள் வாக்குச் சீட்டாலேயே மாற்றினர். வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் கணக்குக் கேட்க வேண்டும்.

4. இப்பழக்கம் நம் சங்கத்திலேயே தொடங்கட்டும். பதவி ஓர் அமானிதம். வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் சகோதரரை விரோதியாக எண்ணாதிருப்போம். சங்கத்தில் கேட்கத் தயங்குகிறவர் நாட்டில் எப்படிக் கேட்பார்? சிந்திப்போமாக!