பூங்காவின் சாவி

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் கடிதம் வந்தது. பூங்கா ஓரத்தில் நீங்கள் நட்ட கத்தரி நாற்றை, "வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை?" என்று சொந்த வீட்டுக்காரர்கள் பிடுங்கிப் போட்டதைப் படித்து அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

அரசு மானிய விலையில் மாடித்தோட்டப் பைகளும் விதையும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அதற்கு மாடி வேண்டுமே! கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு போய்வந்து, லைன் வீட்டில் ஷீட் கூரைக்கடியில் படுப்பவர் பையை எங்கே வைப்பார்? பொது நிலம் முதலில் அவருக்குத்தான் வேண்டும்.

அந்தப் பூங்கா யாருடையது என்று தெரிந்துகொள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். எழுதிக் கொடுத்தபின் அதில் மனை வாங்கியவருக்குள்ள உரிமைதான் வாடகைக்கு இருப்பவருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்திர நகல் கேட்டு அப்பாவை விண்ணப்பம் போடச் சொல். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். பெங்களூரில் சாங்கி ஏரிக்கருகே பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அங்கே குடியிருந்தவர்கள்தாம் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

நாமும் கேட்காமல் பாத்தி கட்டக்கூடாது, கண்ணு. உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதி அனுமதி கேளுங்கள். இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊர்க்காரர் 6 பேர் எழுதிக் கேட்டாலே தோட்ட நிலக் கோரிக்கையை உள்ளாட்சி பரிசீலித்தாக வேண்டும். நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லாததால் கையெழுத்து நிறைய வேண்டும். வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார்க்காரர் வீடுகளையும் விட்டுவிடாதே.

பாத்திகளைக் குலுக்கலில் பிரித்துக்கொள்ளுங்கள். முந்தி வந்தவருக்கே என்றால், நைட் ஷிப்டு முடிந்து தூங்குகிறவருக்கு எதுவும் மிஞ்சாது. கேட் சாவியும் தண்ணீர்க் குழாயும் ஒரே வீட்டின் பொறுப்பில் இருந்தால் தோட்டமும் அந்த வீட்டுடையதாகிவிடும்; மாதம் ஒரு வீடாக மாற்றுங்கள்.

தொழிற்பேட்டை அருகே என்பதால் மண்ணில் ஈயம் இருக்கலாம்; அதிலும் கவனம் வேண்டும். மண்வள அட்டையில் வரும் 12 அளவுகளில் ஈயம் கிடையாது. அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதுவரை தென்னைநார்க் கழிவும் தொழுவுரமும் நிரப்பிய பைகளில் கீரை போடுங்கள்.

மனுவை எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது கத்தரி நாற்று கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா