போலி மருத்துவரிடம் சிக்காமலிருக்க 9 குறிப்புகள்

கலும்பாங், கெர்லிங் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரஸரிடம் போவார்கள். அந்த டிரஸருக்கே 1965-இல் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. இன்று பதிவில்லாமல் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம். நிறுவனமென்றால் அபராதம் 5 லட்சம் வரை போகும். ஆனால், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. புதிய கிளினிக்கில் நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதிலுள்ள முகவரி அந்தக் கிளினிக்கின் முகவரிதானா என்றும் பாருங்கள்.

2. டாக்டரின் ஆண்டுச் சான்றிதழ் (ஏபிசி) ஒவ்வொரு டிசம்பர் 31-ஆம் தேதியும் காலாவதியாகிவிடும். இந்த ஆண்டுக்கு உரியதா என்று கவனியுங்கள்.

3. சந்தேகமிருந்தால் மலேசிய மருத்துவ மன்றத்தின் ‘மெரிட்ஸ்’ இணையத்தளத்தில் டாக்டரின் பெயரைத் தேடுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் போதும், உடனே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

4. மலிவு விலையில் பல்லுக்குக் கம்பி கட்டுவதாக வரும் ஃபேஸ்புக் விளம்பரங்களை நம்பாதீர்கள். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஹோட்டல் அறையில் கம்பி கட்டிய 20 வயதுப் பெண்ணுக்கு 2017-இல் மலாக்கா நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது.

5. அழகு நிலையத்தில் முகத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். போடோக்ஸ், ஃபில்லர் போடுபவர் பதிவுபெற்ற டாக்டராக மட்டும் இருந்தால் போதாது. அதற்கென அமைச்சு தரும் எல்சிபி கடிதமும் அவரிடம் இருக்க வேண்டும்.

6. சித்தா, ஆயுர்வேத வைத்தியர்களுக்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு உண்டு. “எங்கள் தாத்தா காலத்து வைத்தியம்” என்பது பதிவு ஆகாது.

7. இரவுச் சந்தையில் மருந்து வாங்கும்போது பெட்டியில் ‘எம்ஏஎல்’ எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின் கடைசி எழுத்து ‘டி’ என்றால் அது பாரம்பரிய மருந்து.

8. நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்ய 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அப்படி யாராவது கூவி விற்றால் ஒதுங்கிப் போய்விடுங்கள்.

9. மூட்டுவலிக்கு வாங்கிய மாஜூன் என்ற பாரம்பரிய மருந்து ஒரே நாளில் வலியைப் போக்கிவிட்டதா? பிறகு முகமும் உப்புகிறதா? அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருந்தையும் கையில் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்கோ கோலக்குபு பாரு மருத்துவமனைக்கோ போங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ரசீது, மருந்துப் பை, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, சிலாங்கூர் மாநிலச் சுகாதாரத் துறையில் புகார் கொடுங்கள். உங்கள் புகார் அடுத்த வீட்டுக்காரரையும் காப்பாற்றும்.