நூலால் அளந்த விமானப் பாதை

வேகம், தொலைவு, நேரம் என்றாலே ரயில் கணக்குதானா என்று, எட்டாம் வகுப்புக்கு ஒரு விமானக் கணக்கைக் கொடுத்தேன். ஜூலையில் ஒரு நாள் நண்பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரில் புறப்படும் விமானம், அதே நாள் மாலை 6 மணிக்கு நியூயார்க்கில் இறங்குகிறது. இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகார நேரம். பயண நேரம் எவ்வளவு?

"6 மணி நேரம், டீச்சர்!" என்றது வகுப்பு. நான் எதிர்பார்த்த விடைதான். தொலைவை 6 ஆல் வகுத்தால் நம்ப முடியாத வேகம் வரும், அவர்களே சந்தேகப்படுவார்கள் என்பது என் திட்டம். தொலைவுக்காகச் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்து, 20,000 கி.மீ.க்குச் சற்று மேல் என்று கரும்பலகையில் எழுதினேன்.

ஒரு மாணவி எழுந்தாள். "பூமியோட சுற்றளவே 40,000 கி.மீ.தானே டீச்சர்? எந்த ஊரா இருந்தாலும் அதுல பாதிக்கு மேல எப்படி வரும்?"

எனக்குப் பதில் வரவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சமாளித்தேன். மாலையில் அலமாரி மேல் தூசி படிந்திருந்த உலக உருண்டையை இறக்கிப் பார்த்த பிறகே என் பிழை புரிந்தது.

மறுநாள் "நேற்று நான் எழுதியது தவறு" என்றுதான் பாடத்தைத் தொடங்கினேன். சிங்கப்பூர் 104° கிழக்கு, நியூயார்க் 74° மேற்கு. கூட்டினால் 178°. இரண்டின் தீர்க்கக்கோடுகளும் ஏறக்குறைய எதிரெதிரே இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. தட்டையான வரைபடத்தில் அந்த வழி கண்ணில் படாது. மாணவர்கள் உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்தார்கள். (தையல் நூலே நல்லது, கம்பளி நூல் இழுபடும்.) 36 செ.மீ. வந்தது. எங்கள் உருண்டையின் விட்டம் 30 செ.மீ., சுற்றளவு சுமார் 94 செ.மீ. ஆகவே 1 செ.மீ.க்குச் சுமார் 425 கி.மீ. விடை 15,300 கி.மீ.

அட்சக்கோடுகளைக் கொண்டும் சரிபார்த்தோம். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 89°, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49°, மொத்தம் 138°. பாகைக்கு 111 கி.மீ. வீதம் 15,318 கி.மீ. இரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 15,350 கி.மீ. ஒரு தையல் நூல் இவ்வளவு நெருங்கி வரும் என்று நானே நினைக்கவில்லை.

பிறகு 6 ஆல் வகுத்தார்கள். மணிக்கு 2,550 கி.மீ. "ராக்கெட்டா டீச்சர்?" என்று சிரித்தார்கள். இப்போதுதான் கடிகாரத்துக்கு வந்தோம். ஜூலையில் நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியது, குளிர்காலத்தில் 13. அங்கே மாலை 6 என்றால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 6. ஆகவே பயணம் 18 மணி நேரம், வேகம் மணிக்கு 850 கி.மீ. பயணிகள் விமானத்துக்குப் பொருந்தும் வேகம்.

உண்மையில் விமானங்கள் எப்போதும் இந்த நூல் வழியிலேயே போவதில்லை. மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளட்டும் என்று, நியூயார்க் செல்லும்போது பசிபிக் கடலைச் சுற்றிக்கொண்டு போவதும் உண்டு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அதே மாணவி மறுபடியும் எழுந்துவிட்டாள்.

"எல்லாத் தீர்க்கக்கோடும் வடதுருவத்துல ஒண்ணாச் சேருதே, அப்போ அங்க மணி என்ன டீச்சர்?"

காற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தேன்.