குறையே கூடாது என்னும் குறை

செயலைத் திருந்தச் செய்ய விரும்புவது பண்பு. சிறு பிழைக்கும் அஞ்சிச் செயலைத் தொடங்காமலே இருப்பது பிணி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குகிறோம்.

இதன் வேர் எங்கே? கனடா நாட்டு உளநூலறிஞர் ஹெவிட், ஃபிளெட் இருவரும் 1991இல் இதனை மூவகையாகப் பிரித்தனர்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக எண்ணுவது. மனச்சோர்வுடன் பெரிதும் தொடர்புடையது மூன்றாவதே.

நம்மைப் பற்றுவதும் அதுவே. மூணாறு, பீர்மேட்டு மலைகளில் கொழுந்து கிள்ளும் தாய்க்கும், பாலக்காட்டுச் சித்தூர் வயல்களில் பாடுபடும் தந்தைக்கும் பிறந்து, குடும்பத்தில் முதல்வராய்ப் பல்கலைக்கழகம் வந்தோர் நம்மிடையே உண்டு. மதிப்பெண் குறைந்தால் அவர்தம் உழைப்பே வீண் என்று நாமே தீர்ப்பெழுதிக்கொள்கிறோம். அவர்களோ தொலைபேசியில் முதலில் கேட்பது, "சாப்பிட்டாயா?" என்பதுதான்.

நீங்கும் வழியை ஆய்வுக்கூடமே கற்பிக்கிறது. எந்த அளவீடும் பிழையற்றதன்று. ஆதலால் அளவோடு பிழையின் எல்லையையும் சேர்த்தே எழுதுகிறோம். கட்டுரைக்கும் கால எல்லை வகுத்து, முதற்படியை நண்பரிடம் காட்டுங்கள். அவர் தவறினால் என்ன சொல்லித் தேற்றுவீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். துயர் நீண்டால் உளநல மருத்துவரை நாடத் தயங்க வேண்டா.