கலர் பென்சில் கம்பெனி ஐபிஓ: உங்க பணம் யாருக்குப் போகுது?

நம்ம காரிமங்கலத்துல ஸ்டேஷனரி கடையில குழந்தைக்கு கிரேயான்ஸ் வாங்கும்போது 'டாம்ஸ்'ங்கிற பேரைப் பார்த்திருப்பீங்க. குஜராத் உம்பர்காவ்ல 1970-களில் தொடங்கி, மத்த பிராண்டுகளுக்கும் பென்சில் செய்துகொடுத்த குடும்பங்களின் தொழில் இது. 2006-ல் பிரைவேட் லிமிடெட் ஆச்சு. 2012-ல் இத்தாலியின் ஃபிலா நிறுவனம் 18.5% பங்கு வாங்கி, பிறகு அதை 51% ஆக்கியது.

2023 டிசம்பரில் ஐபிஓ வந்தது. மொத்தம் 1,200 கோடி ரூபாய். இதுல கம்பெனிக்குப் போனது 350 கோடிதான். மீதி 850 கோடி, தங்கள் பங்கை விற்ற ஃபிலாவுக்கும் மற்ற புரமோட்டர்களுக்கும் போச்சு. இதுக்குப் பேர்தான் 'ஆஃபர் ஃபார் சேல்'. அது தப்பில்லை. ஆனா புது ஃபேக்டரி கட்டுற பணம் அந்த 350 கோடியிலதான் இருக்கு.

790 ரூபாய் பங்கு 1,400-க்கு லிஸ்ட் ஆச்சு. 18 பங்கு கொண்ட ஒரு லாட்டுக்கு 14,220 ரூபாய் போட்டவருக்கு 10,980 ரூபாய் லாபம். ஆனா விண்ணப்பம் குவிஞ்சதால லாட் கிடைச்சதே குலுக்கல்லதான். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி பர்சனல் லோன் எடுக்காதீங்க.

அடுத்த ஐபிஓவுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஆர்எச்பி-யைத் திறந்து ஒண்ணே ஒண்ணு பாருங்க: பணம் கம்பெனிக்கா, பழைய பங்குதாரருக்கா?